மேடம் டானை மிஸஸ் டான் ஆக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் வாசகர் பக்கத்தில் வந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். சீனர்கள் முன்பின் தெரியாத பெண்ணையும் அக்கா, அத்தை என்று முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள், அதனால் அவர்களிடம் பெண்களுக்கு மரியாதை அதிகம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பாட்டி வயதுப் பெண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதனால் அவர்களிடம் மரியாதை கம்மி என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

நான் சிங்கப்பூரில் மருத்துவமனை வார்டுகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இப்போதும் வாரத்தில் சில நாள் ஒரு மருந்தகத்தின் பதிவு முகப்பில் உட்காருகிறேன். அங்கே என் வேலையே ஆட்களைக் கூப்பிடுவதுதான். ஹொக்கியென் மட்டும் பேசும் சீன மூதாட்டி, பெய்ஜிங்கிலிருந்து வேலைக்கு வந்த இளம்பெண், லண்டனிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரியின் மனைவி எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். யாரை எப்படிக் கூப்பிட்டால் முகம் மலரும், எப்படிக் கூப்பிட்டால் சுருங்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் குடும்பப் பெயர். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சீனப் பெண்கள் கல்யாணம் ஆனாலும் பொதுவாகப் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. டான் வீட்டில் பிறந்தவர் லிம் வீட்டுக்கு மருமகளாகப் போனாலும் அடையாள அட்டையில் டான்தான். ஆங்கிலேயரின் ‘மிஸஸ்’ கணவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் சொல். மிஸஸ் லிம் என்றால் லிம் என்பவரின் மனைவி. அப்படியானால் மிஸஸ் டான் யார்? டான் என்பவரின் மனைவி, அதாவது இந்தப் பெண்ணின் அம்மா. எங்கள் முகப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஒரு நாள் “மிஸஸ் டான், மிஸஸ் டான்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முன் வரிசையில் இருந்த அம்மா அசையவில்லை. அடையாள அட்டையைக் காட்டிக் கேட்ட பிறகு, “அது என் அம்மா. அவர் இறந்து ரொம்ப நாள் ஆகிறது” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. தப்பான விலாசத்துக்கு வந்த கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

இங்கே ‘மேடம்’ என்ற அடைமொழி இவ்வளவு வேர் பிடித்ததற்கு இதுதான் காரணம். கல்யாணமானவர், ஆனால் கணவர் பெயரை வைத்துக்கொள்ளாதவர் என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் இடமில்லை. அந்த இடத்தைச் சிங்கப்பூர் மேடத்தைக் கொண்டு நிரப்பியது. 1961இல் இங்கே வந்த மாதர் சாசனம் என்ற சட்டத்திலேயே, மனைவி தன் சொந்தப் பெயரையும் குடும்பப் பெயரையும் தனியாகப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. சீனாவில் 1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இதையே சொன்னது: கணவனும் மனைவியும் அவரவர் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளலாம்.

சீனர்களிடம் ஆதியிலிருந்தே எல்லாம் சரியாக இருந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பழைய ஆவணங்களில், கல்லறைக் கற்களில் பார்த்தால் கல்யாணமான பெண்ணை ‘வாங் லீ ஷி’ என்று எழுதியிருப்பார்கள். வாங் என்பது கணவன் வீடு, லீ என்பது அப்பா வீடு, ஷி என்றால் அந்தக் குலத்தில் வந்தவள். அந்தப் பெண்ணுக்கு அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் எங்கேயும் இருக்காது. இரண்டு வீட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு சொந்தப் பெயர் இல்லாமல் போன பெண்கள் எத்தனை பேரோ! அந்தப் பழக்கத்தின் மிச்சத்தை ஹாங்காங்கில் அண்மைக்காலம் வரை பார்த்தோம். 2017 முதல் 2022 வரை அங்கே தலைமை நிர்வாகியாக இருந்த கேரி லாமின் முழுச் சீனப் பெயர் லாம் செங் யுட்-ங்கோர். லாம் கணவருடையது, செங் அப்பாவுடையது, யுட்-ங்கோர் அவருடையது. அவருக்காவது மூன்றும் இருந்தன.

எங்கள் நாட்டிலேயே ஒரே பெண்மணிக்கு இரண்டு அடைமொழியும் புழங்கியதை எல்லாரும் அறிவோம். முதல் பிரதமர் லீ குவான் இயூவின் துணைவியார் சில இடங்களில் ‘மிஸஸ் லீ குவான் இயூ’, சில இடங்களில் ‘மேடம் குவா கியோக் சூ’. அவரே பெரிய வழக்கறிஞர். 2010இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளிலும் இரண்டையும் பார்த்தேன். இரண்டாவதைப் படித்தபோதுதான் அவர் ஒரு வழக்கறிஞர் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. முதலாவதில் அந்த நினைவு வரவே வராது. ஒரு அடைமொழியால் இவ்வளவு ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி ஆங்கிலத்துக்கு வருகிறேன். மிஸ், மிஸஸ் இரண்டும் ‘மிஸ்ட்ரஸ்’ என்ற ஒரே தாய்க்குப் பிறந்தவை. வீட்டையோ கடையையோ ஆள்பவள் என்று அர்த்தம். பதினெட்டாம் நூற்றாண்டில் மிஸஸ் என்பது கல்யாணத்தைக் குறிக்கவில்லை, அந்தஸ்தைக் குறித்தது. பெரிய மாளிகைகளில் தலைமைச் சமையற்காரி கல்யாணமே ஆகாதவராக இருந்தாலும் அவரை மிஸஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம்தான் ‘கல்யாணம் ஆனதா, ஆகவில்லையா’ என்ற கேள்வி அந்தச் சொற்களுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆணுக்கு மட்டும் பதினாறு வயதிலும் எண்பது வயதிலும் ஒரே மிஸ்டர். அவர் கல்யாணமானவரா என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் லூசி ஸ்டோன் என்ற பெண்மணி 1855இல் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் தன் பெயரை விடவில்லை. 1879இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி நிர்வாகத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தபோது அவர் பதிவு செய்யப் போனார். கணவர் பெயரில் எழுது, இல்லையென்றால் ஓட்டு இல்லை என்றார்கள். பெண்ணுரிமைக்காக ஆயுள் முழுக்கப் பேசியவர், ஓட்டை விட்டுக்கொடுத்தாரே தவிர பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.

‘மிஸ்’ஸும் ‘மிஸஸ்’ஸும் இல்லாத நடுவான ஒரு சொல் வேண்டும் என்று 1901லேயே ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து நாளிதழ் ஒன்று எழுதியது. அதுதான் இன்றைய ‘எம்எஸ்’ (Ms). சொல்லும்போது ‘மிஸ்’ போலத்தான், கடைசியில் மட்டும் இசட் ஒலி வரும். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1961இல் ஷீலா மைக்கேல்ஸ் என்ற பெண் அதைக் கையில் எடுத்தார். தான் அப்பாவுக்கோ கணவனுக்கோ சொந்தமான ஆள் இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு அடைமொழி தேவைப்பட்டது. எழுபதுகளில் பெண்ணுரிமை இயக்கம் அதைப் பரப்பியது. அப்போதும் நியூயார்க் டைம்ஸ் அசைந்து கொடுக்கவில்லை. 1984இல் ஜெரால்டின் ஃபெராரோ துணை அதிபர் வேட்பாளராக நின்றபோது அந்தப் பத்திரிகைக்குப் பெரிய சங்கடம். ஃபெராரோ என்பது அவர் பிறந்த வீட்டுப் பெயர், அவரோ கல்யாணமானவர். மிஸ் என்று எழுத முடியாது, மிஸஸ் ஃபெராரோ என்று எழுதினாலும் பொருந்தாது. எங்கள் மருந்தகத்தில் மேடம் டானுக்கு நடந்ததேதான்! கடைசியில் 1986 ஜூனில்தான் அந்தப் பத்திரிகை எம்எஸ்ஸை ஏற்றுக்கொண்டது. சீனப் பெண்களுக்காக இங்கே நாங்கள் சத்தமில்லாமல் தீர்த்துக்கொண்ட ஒரு விஷயத்துக்கு அவர்கள் எண்பத்தைந்து வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, ஆங்கிலத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு என்ற வாசகரின் புகார். இங்கே நான் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது நெருக்கம். ஆங்கிலேய டாக்டரம்மா ஒருவர் வார்டில் துடைக்கிற பெண்மணி உட்பட எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தன்னையும் பேர் சொல்லியே கூப்பிடச் சொல்வார். அதில் குறை காண முடியாது. ஒரு பக்கம் மட்டும் பேர், மறு பக்கத்துக்கு மட்டும் அடைமொழி என்றால்தான் அது அவமதிப்பு.

இதற்கு மேரி ஹாமில்டனின் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1963ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலம். அந்தக் காலத்துத் தென் மாநில நீதிமன்றங்களில் வெள்ளைக்காரச் சாட்சிகளை மிஸ்டர், மிஸ், மிஸஸ் என்பார்கள். கறுப்பின மக்களை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் கைதான மேரி ஹாமில்டன் கூண்டில் ஏறினார். அரசாங்க வழக்கறிஞர் ‘மேரி’ என்று ஆரம்பித்தார். தன் பெயர் மிஸ் ஹாமில்டன், சரியாகக் கூப்பிடும்வரை பதில் சொல்ல மாட்டேன் என்று நின்றார் அவர். நீதிபதி சொல்லியும் கேட்கவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1964இல் அந்தத் தண்டனை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நினைத்துப் பாருங்கள், ‘மிஸ்’ என்ற ஒரு சின்ன அடைமொழிக்காக ஒரு பெண் சிறைக்குப் போயிருக்கிறார். பிற்காலத்துப் பெண்ணுரிமைக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளிய அதே ‘மிஸ்’ அவருக்கு அன்றைக்குப் பெரிய கௌரவம். ஆகவே எந்தச் சொல் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. அதே அறையில் மற்றவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயரிடம் செல்லப் பேச்சும் உண்டு. நாட்டிங்ஹாம், டெர்பி பக்கம் கடைக்காரர் ‘டக்’ என்பார், வாத்து என்று. கிளாஸ்கோவில் ‘ஹென்’, நியூகாசிலில் ‘பெட்’, மற்ற இடங்களில் ‘லவ்’. அந்தந்த ஊர்க்காரருக்கு அது நம் ‘கண்ணு’ மாதிரிதான். டக் என்று ஆணையும் கூப்பிடுவார்கள் என்பதால் எனக்கு அதில் கோபம் இல்லை. ஹென் பெண்களுக்கு மட்டும். ஆனால் வார்டில், மேல் அதிகாரி இளம் தாதியை ‘டார்லிங்’ என்பதும், எழுபது வயதுப் பேராசிரியையை இருபது வயதுப் பிள்ளை ‘ஸ்வீட்டி’ என்பதும் செல்லம் அல்ல. படுக்கையில் கிடக்கிற ஆளைக் குழந்தையாக்குகிற பேச்சு அது. எதிர்த்துப் பேச முடியாத நிலையில் இருப்பவரிடம் அப்படிப் பேசக் கூடாது என்று நான் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மருத்துவத் துறையில் இருந்தவள் என்பதால். இங்கிலாந்தில் அறுவை மருத்துவர்களை ‘டாக்டர்’ என்று சொல்ல மாட்டார்கள். ஆண் என்றால் மிஸ்டர், பெண் என்றால் பெரும்பாலும் மிஸ். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண் அறுவை மருத்துவரும் ‘மிஸ்’தான். அங்கே அது பட்டத்துக்கு மேலான பட்டம். தெரியாத நோயாளி டாக்டர் எப்போது வருவார் என்று அவரிடமே கேட்பதும் நடக்கும்.

அப்புறம் சீனம். வாசகர் சொன்ன முறை வைத்து அழைக்கும் வழக்கம் உண்மைதான், அழகானதும்தான். ஜியேஜியே என்றால் அக்கா, ஆயி என்றால் அம்மா வயதுப் பெண், போபோ அல்லது அ-மா என்றால் பாட்டி. இந்த ஊர் ஆங்கிலத்தில் எல்லாரும் சொல்லும் ‘ஆன்ட்டி’யும் இதே மனப்போக்கில் வருவதுதான். ஆனால் முறை வைத்துக் கூப்பிட வேண்டுமானால் முதலில் வயதைக் கணக்குப் போட வேண்டும். ஆங்கிலம் ‘கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று கேட்கிறதென்றால் சீனம் ‘உனக்கு என்ன வயசு’ என்று கேட்கிறது. கேட்கிறவர் வாயைத் திறக்காமல், முகத்தைப் பார்த்தே முடிவு கட்டுகிறார். நாற்பது வயதுப் பெண்ணை முப்பது வயதுக்காரர் ஆயி என்றால் அவர் மரியாதை கொடுத்ததாக நினைப்பார். கேட்ட பெண்ணுக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் போலிருக்கும். ஷாங்காய், பெய்ஜிங்கில் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்கும் ஆயி என்றுதான் பேர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘டாமா’ என்றால் பெரியம்மா. 2013இல் தங்க விலை சரிந்தபோது சீனாவின் நடுத்தர வயதுப் பெண்கள் கடைகளில் குவிந்து நகை வாங்கினார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் ‘சீன டாமா’ என்று எழுதின. அதிலிருந்து அந்தச் சொல்லில் ஒரு கேலி ஒட்டிக்கொண்டது. சதுக்கத்தில் சத்தமாகப் பாட்டுப் போட்டு ஆடுகிறவள், பேரம் பேசிச் சண்டை பிடிக்கிறவள் என்கிற கேலி. இன்றைக்கு யாரையும் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டால் வம்பு. ஒரு தலைமுறைப் பெண்களின் உறவுப் பெயரையே கேலிப் பெயராக்கியதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மரியாதைச் சொல் என்று வாசகர் சொன்னது இதையும் சேர்த்துத்தானே?

‘ஷியாவ்ஜியே’வின் கதை இதைவிட மோசம். ஒரு காலத்தில் பெரிய வீட்டு மகளை வேலைக்காரர்கள் கூப்பிட்ட பேர் அது. குடியரசுக் காலத்தில் ஆங்கிலத்து ‘மிஸ்’ போலப் படித்த பெண்களுக்கு வந்தது. 1949க்குப் பிறகு சீனாவில் அதை ஒதுக்கிவிட்டு ஆண், பெண் எல்லாரையும் ‘துங்ஜி’, தோழர் என்றார்கள். எழுபதுகளின் கடைசியில் நாடு கதவைத் திறந்தபோது ஷியாவ்ஜியேவும் திரும்ப வந்தது. தொண்ணூறுகளில் பாலியல் தொழில் செய்யும் பெண்களைச் சுட்டும் பேராக அது மாறிப்போனது. இத்தனைக்கும் தைவான், ஹாங்காங், சிங்கப்பூரில் அதே சொல் இன்றைக்கும் நாகரிகமான சொல். எங்கள் வார்டில் வட சீனாவிலிருந்து வந்த தாதி ஒருத்தி இருந்தாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த வயதான நோயாளி ஒருவர், தண்ணீர் வேண்டும் என்று பணிவாக “ஷியாவ்ஜியே” என்று கூப்பிட்டார். அவள் முகம் சட்டென்று சிவந்துவிட்டது. தண்ணீரைக் கொடுத்துவிட்டு மருந்து வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவருடைய மனைவி பக்கத்திலிருந்து, இங்கே வங்கியில், கடையில் எல்லாரும் சொல்வதுதான் பெண்ணே என்று விளக்கிச் சொன்னார். பெரியவருக்கோ தான் என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. இரண்டு பேரும் பேசியது ஒரே மாண்டரின்!

அந்தத் தாதியே பிறகு எனக்கு விவரம் சொன்னாள். சொல்லுக்கு முன்னால் குடும்பப் பெயர் இருந்தால், அதாவது ‘வாங் ஷியாவ்ஜியே’ என்றால் அவள் ஊரிலும் பரவாயில்லையாம். தனியாகச் சொன்னால்தான் வம்பு. கடைகளில் இப்போதெல்லாம் எந்தப் பெண்ணையும் ‘மெய்ன்யூ’, அழகி என்று கூப்பிடுகிறார்கள். ஆண்களை ஷுவாய்க, அழகன் என்பார்கள். ஹாங்காங், மலேசியா பக்கம் காண்டனீஸில் ‘லெங் லுய்’. இந்தப் பழக்கம் சிலருக்குப் பிடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. வெண்டைக்காய் வாங்க வந்தவளின் அழகைப் பற்றிக் கடைக்காரர் ஏன் பேச வேண்டும்?

சீனத்தில் எனக்கு நிஜமாகவே பிடித்தது உறவுமுறை அல்ல, தொழிலை வைத்துக் கூப்பிடுவதுதான். வாங் டாக்டர், லீ ஆசிரியர் என்று குடும்பப் பெயரோடு தொழிலைச் சேர்த்துவிடுவார்கள். ஆணா பெண்ணா, கல்யாணமானவரா, எத்தனை வயது எதுவும் அதில் கிடையாது. ‘லாவ்ஷி’ என்றால் ஆசிரியர். ஷான்டோங் மாநிலத்து ஜினான் நகரில் தெருவில் வழி கேட்கிறவர்கூட முன்பின் தெரியாதவரை லாவ்ஷி என்றுதான் ஆரம்பிப்பாராம். எனக்கு இது எவ்வளவு பெருந்தன்மையாகப் படுகிறது தெரியுமா! ஹாங்காங்கில் தாதிகளை ‘கூ நியோங்’ என்பார்கள். இங்கேயும் மலேசியாவிலும் பழைய தலைமுறை நோயாளிகள் எங்களை ‘மிஸ்ஸி’ என்பார்கள். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அப்படித்தான். எனக்கு முடி நரைத்த பிறகும் மிஸ்ஸிதான். அந்தச் சொல்லில் என் வயதும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் ஒருவர் “மிஸ்ஸி” என்றால் அது நான் பார்க்கிற வேலையைக் கூப்பிடுவது. அதைக் கேட்டு நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்தச் சீனத்திலேயே பெண் அறிஞருக்குக் கொடுக்கும் மிகப் பெரிய மரியாதை என்ன தெரியுமா? ‘ஷியன்ஷெங்’ என்பது. ஆங்கிலத்து மிஸ்டருக்கு ஈடாக ஆண்களுக்குச் சொல்லும் அதே சொல். ‘டான் கிஹோட்டே’ நாவலை ஸ்பானிஷிலிருந்து சீனத்துக்குக் கொண்டுவந்த யாங் ஜியாங் அம்மையார் 2016இல் தமது 104ஆம் வயதில் காலமானார். அஞ்சலி எழுதியவர்களில் நிறையப் பேர் அவரை ‘யாங் ஜியாங் ஷியன்ஷெங்’ என்றே எழுதினார்கள். ஆசான் என்ற பழைய பொருளும் அதற்கு உண்டு, அதனால் தவறில்லை என்பார்கள். இருக்கட்டும். ஆனால் ஒரு பெண் மேலே போகப் போக ஆணின் அடைமொழி வந்து சேர்கிறது என்றால், பெண்ணின் அடைமொழிக்கு அவ்வளவு உயரம் இல்லை என்றுதானே ஆகிறது? அமெரிக்க மேலவை உறுப்பினர் பார்பரா பாக்ஸர் 2009இல் ஒரு விசாரணையின்போது, தம்மை ‘மேம்’ என்ற ராணுவத் தளபதியிடம், ‘செனட்டர்’ என்று அழைக்கச் சொன்னார். அந்தப் பட்டத்துக்கு வர நான் நிறைய உழைத்திருக்கிறேன் என்றார். ராணுவத்தில் மேம் என்பது மரியாதைதான், தளபதி மேல் தப்பில்லை. அம்மையார் கேட்டதிலும் தப்பில்லை. கேட்ட பிறகு தளபதி செனட்டர் என்றே கூப்பிட்டார், அதோடு முடிந்தது. சிலர் அதை வைத்து அவரைப் பல நாள் கிண்டல் செய்தார்கள். ஒரு ஆண் கேட்டிருந்தால் யாராவது கவனித்திருப்பார்களா?

கடைசியாக எங்கள் வார்டில் இருந்த இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் ஓய்வுபெற்ற சீனப் பள்ளி முதல்வர். இடுப்பு எலும்பு முறிந்து வந்திருந்தார். காலையில் குளிக்க வைக்க வந்த பெண் பாசமாக “அ-மா, எழுந்திரிங்க” என்றாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாடும் வேண்டாம் என்றார். நான் போய், உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். “நான் யாருக்கும் பாட்டி இல்லை. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சோ லாவ்ஷி என்று கூப்பிடச் சொல்லுங்கள்” என்றார். படுக்கைக்கு மேலே இருந்த பலகையில் அப்படியே எழுதி வைத்தோம். அன்றைக்கு மதியம் கஞ்சி குடித்தார். எதிர்க் கட்டிலில் இருந்தவர் அவருக்கு நேர்மாறு. ஈரச்சந்தையில் மீன் விற்றவர். விதிப்படி ‘மேடம்’ போட்டு அவர் பெயரைச் சொன்னால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருப்பார். ‘அ-சோ’, அண்ணி என்று சொன்னால்தான் திரும்புவார். சந்தை முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டதாம். மேடம் என்றால் போலீஸ் வந்த மாதிரி இருக்கிறது என்றார். இரண்டு பேரும் சீனர், கிட்டத்தட்ட ஒரே வயது, நடுவில் ஒரு நடைபாதைதான் இருந்தது.

இதனால்தான் ‘சீனர்கள் இப்படி, ஆங்கிலேயர்கள் அப்படி’ என்று ஒரே வரியில் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்பதற்கு எத்தனை விநாடி ஆகும்? பதிவுப் படிவத்தில் மிஸ்டருக்கு ஒரு கட்டம், பெண்ணுக்கு மட்டும் மிஸ், மிஸஸ், எம்எஸ், மேடம் என்று நாலு கட்டம் வைத்து ஒன்றில் குறியிடச் சொல்வதற்குப் பதில், ‘எப்படி அழைக்க வேண்டும்’ என்று ஒரு வெற்றுக் கோடு போட்டால் போதும். நான் வேலை பார்க்கும் இடத்தில் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கணினியில் கட்டத்தை மாற்ற முடியாது என்கிறார்கள். மாற்றும்வரை விட மாட்டேன்.

சீனத் தோழியர் உள்ள வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஒன்றும் தெரியாத இடத்தில் குடும்பப் பெயரோடு ‘நியூஷி’ சேர்த்துக்கொள்ளுங்கள். டான் நியூஷி, மாண்டரினில் சென் நியூஷி. கல்யாணம், வயது இரண்டையும் தொடாத சொல் அது. கடை முதலாளியம்மா என்றால் ‘லாவ்பான்நியாங்’ சொல்லலாம், மகிழ்வார்கள். வெறும் முதற்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் அவர்களே சொல்லும்வரை தள்ளிப் போடுங்கள், முக்கியமாக வயதானவர்களிடம்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆங்கில அறிக்கையில் ‘எம்எஸ்’ என்று வருவதைத் தமிழ்ச் செய்திகளில் ‘குமாரி’ என்று எழுதுகிறோம். கல்யாணத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று உண்டான சொல்லைக் கொண்டுவந்து, கல்யாணம் ஆகாதவர் என்று எழுதிவிடுகிறோம். ஒரு வங்கியின் உயர் அதிகாரி, பேரன் பேத்தி எடுத்த சீனப் பெண்மணி, ஆங்கிலத்தில் எம்எஸ், சீனத்தில் நியூஷி, தமிழில் மட்டும் குமாரி! ‘திருவாளர்’ ஆணின் கல்யாணத்தைச் சொல்வதில்லை. அதற்கு இணையான ‘திருவாட்டி’ நம் கையிலேயே இருக்கிறது. எந்த இனத்துப் பெண்ணாக இருந்தாலும், அவரே வேறு மாதிரி கேட்டாலொழிய, திருவாட்டி என்றே போடலாம். பேட்டி எடுக்கப் போகும் நிருபர்கள் பெயருக்கு எழுத்துக்கூட்டு கேட்கும்போதே இதையும் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
தோ பாயோ, சிங்கப்பூர்.